பூங்கா என்று பச்சை அடித்த இடம் யாருக்குச் சொந்தம்?

மனை, பட்டா, எல்லைக்கல்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற நில அளவர் பதில்

போன இதழில் மனைப்பிரிவுப் பூங்கா பற்றி போகிறபோக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்குக் கடிதமாக வந்து குவிந்துவிட்டது. அதனால் இந்த முறை பாகப்பிரிவினை, பொதுச்சுவர், பட்டா மாறுதல் எல்லாம் ஓரமாக இருக்கட்டும். பூங்கா மட்டும் பார்ப்போம்.

ஐயா, வல்லம் பக்கம் 2012-ல் மனை வாங்கி வீடு கட்டியிருக்கிறோம். அப்போது கொடுத்த வரைபடத்தில் நடுவே 'பூங்கா' என்று பச்சை அடித்திருந்தது. இத்தனை வருஷமாக அங்கே கருவேலமரம்தான். இப்போது புரோமோட்டரின் மகன் வந்து கல் நட்டுவிட்டு, "இடம் இன்னும் எங்க அப்பா பேர்லதான் இருக்கு, மூணு மனையா பிரிச்சு விக்கப் போறோம்" என்கிறார். விட்டுவிட வேண்டியதுதானா?

விடாதீர்கள் தம்பி. ஆனால் கல்லைப் பிடுங்கி எறியவும் வேண்டாம். முதலில் காகிதத்தைத் தேடுங்கள்.

மனைப்பிரிவு போடுகிறவர் சாலைக்குப் போக மிச்சமுள்ள பரப்பில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். என்று ஆபீசில் சொல்வது இதைத்தான். இப்போது நடைமுறையில் இருப்பது 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். நீங்கள் வாங்கிய காலத்திலும் கணக்கு இதே 10 சதவீதம்தான். ஐந்து ஏக்கர் மனைப்பிரிவு என்று வையுங்கள். சாலைக்கு ஒன்றே கால் ஏக்கர் போனால் மிச்சம் மூன்றே முக்கால். அதில் பத்தில் ஒரு பங்கு முப்பத்தேழரை சென்ட். நம்மூர்க் கணக்கில் ஒரு மாவுக்கு (சுமார் 33 சென்ட்) கொஞ்சம் கூட. வாலிபால் கோர்ட் போட்டு, சுற்றி நடைபாதையும் விட்டு, நாலு புங்கன் வைக்கத் தாராளமாகப் போதும்.

10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், அதாவது கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கரைத் தாண்டினால், அந்த இடத்தை உள்ளாட்சிக்கு இலவசமாகத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். சாலையையும் அப்படித்தான். பத்திரம் பதிவான பிறகுதான் இறுதி அனுமதி என்பது ஒழுங்கு. பழைய மனைப்பிரிவுகளில் இந்த இடத்தில்தான் ஓட்டை. சாலைக்குப் பத்திரம் போட்டிருப்பார்கள், பூங்காவுக்கு 'அடுத்த வாரம்' என்று சொல்லியிருப்பார்கள். அந்த அடுத்த வாரம் வந்தே இருக்காது.

ஆகவே நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் உங்கள் மனைப்பிரிவின் அனுமதி எண்ணைச் சொல்லி, ஒப்புதலான வரைபடத்தின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். புரோமோட்டர் அச்சடித்துக் கொடுத்த வழவழப்பான கலர் படம் செல்லாது. அப்புறம் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். தானப்பத்திரம் இருந்தால் அதில் ஒரு வரியாக வந்து நிற்கும். பத்திரம் இருந்தும் பட்டா அவர் பெயரிலேயே இருந்தால், அது உட்பிரிவு செய்யாமல் விட்ட சோம்பேறித்தனம். தாசில்தாருக்கு மனு கொடுத்துத் திருத்தலாம். பத்திரமே இல்லை என்றாலும் பயப்படாதீர்கள். ஒப்புதலான வரைபடத்தில் பூங்கா என்று காட்டி, அதைக் காட்டித்தானே உங்களுக்கு மனை விற்றார்? பெயர் அவருடையதாக இருக்கலாம், இஷ்டத்துக்கு மனையாக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. பெங்களூரில் பூங்கா என்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அந்தப் பகுதிக்காரர்கள் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 1991-ல் ஜெயித்தார்கள். மருத்துவமனைக்கே இடமில்லை என்றால் மூன்று மனைக்கு எங்கே இடம்?

இன்னொன்றையும் செய்யுங்கள். தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைக் காப்பதற்கென்றே 1959-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. உள்ளாட்சி இவற்றுக்குப் பட்டியல் தயாரிக்க வேண்டும். பட்டியலில் ஏறியதை அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். உங்கள் இடம் பட்டியலில் உண்டா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு வில்லை ஒட்டிக் கேளுங்கள். அடுத்த கிராம சபையில் தீர்மானமும் போடச் சொல்லுங்கள். தீர்மான நோட்டில் ஏறிவிட்டால் தலைவர் மாறினாலும் எழுத்து நிற்கும்.

ஒரே ஒரு சந்தேகம். உங்கள் மனைப்பிரிவு நிஜமாகவே நகர் ஊரமைப்பின் ஒப்புதல் பெற்றதா, இல்லை பஞ்சாயத்து மட்டும் சரி சொன்ன அந்தக் காலத்து 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' சமாசாரமா? இரண்டாவது என்றால் அடுத்த பதிலையும் படியுங்கள்.

கும்பகோணத்தில் அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறேன். பிள்ளைகள் விளையாட இடம் எங்கே என்று கேட்டால், "அதுக்குப் பதிலா கவர்மென்ட்டுக்குப் பணம் கட்டிட்டோம் மேடம்" என்று பில்டர் சொல்கிறார். அப்படி ஒரு விதி இருக்கிறதா? அந்தப் பணம் எங்கே போகிறது?

விதி இருக்கிறது அம்மா. 10,000 சதுர மீட்டருக்கு உட்பட்ட நடுத்தர அளவு இடங்களுக்கு நிலமாக ஒதுக்கலாம், அல்லது அந்த அளவு நிலத்துக்கான வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். ரொம்பச் சின்ன இடங்களுக்கு இரண்டுமே கிடையாது. கும்பகோணம் மாதிரி நெருக்கமான ஊரில் பெரும்பாலும் பணம்தான் கட்டுவார்கள். பில்டரைக் குற்றம் சொல்ல முடியாது, சட்டம் கொடுத்த வழியில்தான் போகிறார்.

எனக்குப் பிடிக்காதது அந்த வழிதான். வழிகாட்டி மதிப்பு என்பது ஆபீஸ் புத்தகத்தில் இருக்கிற விலை. மகாமகக் குளத்தைச் சுற்றி அந்த விலைக்கு ஒரு சென்ட் வாங்கித் தாருங்கள், பார்க்கலாம்! 2017 ஜூனில் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. பத்திரம் பதிகிறவர்களுக்குச் சந்தோஷம். ஆனால் பூங்காவுக்கான பணமும் அதே மதிப்பை வைத்துத்தானே? அதுவும் அப்போது மூன்றில் ஒரு பங்கு இளைத்துப் போயிற்று. மண் விலை மட்டும் இளைக்கவில்லை.

பணம் வந்துவிட்டது என்றே வையுங்கள், நிலம் எங்கே? டெல்டாவில் ஒரு பேரூராட்சியில் இப்படி வந்த பணத்தில் சறுக்குமரம், சீசாப் பலகை எல்லாம் வாங்கினார்கள். வைக்க இடமில்லை. ஆபீசுக்குப் பின்னால் தண்ணீர் லாரி நிற்கிற கொட்டகையில் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் அளவை வேலையாகப் போனபோது சறுக்குமரத்தின் மேல் பிளீச்சிங் பவுடர் மூட்டை அடுக்கியிருந்தது. கீழ்மூட்டை கிழிந்து பவுடர் சறுக்கில் வழிந்து வந்து, பெயின்ட் உரிந்து தகரம் வெளுத்துக் கிடந்தது. ஒரு பிள்ளைகூட ஏறாமலே பழசாகிப்போன சறுக்குமரம் அது.

'பஞ்சாயத்து அப்ரூவ்டு' மனைக்காரர்கள் நிலைமையும் இதேதான். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்றது. 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. மனைக்காரர்கள் வரிசையில் நின்று வளர்ச்சிக் கட்டணத்தோடு ஓ.எஸ்.ஆர். கட்டணமும் கட்டினார்கள். பூங்காவுக்கென்று வாங்கிய காசுதான். ஆனால் அந்த மனைப்பிரிவில் எல்லா மனையும் விற்று, வீடும் ஏறி, சந்துகூட மிச்சமில்லை. பூங்காவைக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

காசைவிட மண்தான் முக்கியம் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். கட்டணமாகத்தான் வாங்க முடியும் என்றால், அதைப் பொதுக்கணக்கில் கலக்காமல், அதே வார்டில் நிலம் வாங்க மட்டும் தனிக்கணக்கில் போட வேண்டும். உங்கள் பில்டர் கட்டிய தொகை, தேதி, கணக்குத் தலைப்பு, அதிலிருந்து செலவான விவரம், இந்த நாலையும் மாநகராட்சியில் தகவல் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வளர்ச்சிக் கட்டணம், உள்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம் என்று வேறு ரசீதுகளைக் காட்டிக் குழப்புவார்கள். அவை வேறு, பூங்காப் பணம் வேறு.

நான் மயிலாடுதுறைப் பக்கம் மனைப்பிரிவு போடுகிறவன். உங்கள் பகுதியைப் படித்தால் நாங்களெல்லாம் கொள்ளைக்காரர்கள் போல இருக்கிறது. சாலைக்கு இடம், பூங்காவுக்கு இடம், கட்டணம் மேல் கட்டணம். கடைசியில் மனை வாங்குகிறவன் தலையில்தானே விழுகிறது? இது நியாயமா?

கோபம் புரிகிறது ஐயா. அதில் பாதி நியாயமும் இருக்கிறது. நீங்கள் எழுதிக் கொடுத்த இடத்தை உள்ளாட்சி வேலிகூடப் போடாமல் விட்டுவிட்டால், கொடுத்தவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும்.

ஆனால் இலவசமாக வாங்குவது சரியா என்ற கேள்விக்குப் பதில் வந்தாயிற்று. சென்னையில் ஒரு குடியிருப்போர் சங்கம் போட்ட வழக்கில், பெரிய இடங்களுக்கு 10 சதவீதத்தைத் தானமாகக் கேட்கும் விதி செல்லும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நூறு வீடு புதிதாக வந்தால் நூறு வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். அவர்களுக்கான இடத்தைப் பக்கத்து ஊர்க்காரன் வரிப்பணத்தில் வாங்கச் சொல்வது எப்படிச் சரியாகும்?

யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்ப்போம். நீங்கள் நஞ்சையைக் குழிக்கு இவ்வளவு என்று பேசி வாங்குகிறீர்கள், சதுர அடிக்கு இவ்வளவு என்று விற்கிறீர்கள். பத்தில் ஒன்று போகும் என்பது குழி விலை பேசும்போதே உங்களுக்கும் தெரியும், தரகருக்கும் தெரியும். அதை நிலம் விற்கிற விவசாயியிடம் ஏற்கனவே கழித்துத்தானே பேசுகிறீர்கள்? அப்புறம் மனை வாங்க வருகிறவரிடமும் "பூங்கா வசதியுடன்" என்று நோட்டீஸ் அடித்து விலை ஏற்றுகிறீர்கள். இரண்டு பக்கமும் ஒரே பூங்காவுக்குக் காசு. இது திடீரென்று விதித்த கட்டணம் என்றால் உங்கள் பக்கம் நிற்பேன். பல வருஷமாக எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது.

சரி, சங்கிலி இழுத்த காலத்திலிருந்து மனதில் இருக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மனைப்பிரிவு வரைபடத்தைப் பார்த்ததுமே களத்துக்குப் போகாமல் எது பள்ளம் என்று சொல்லிவிடலாம். எங்கே மழைத்தண்ணீர் தேங்குமோ, எங்கே முக்கோணமாக மனைக்கு ஆகாத துண்டு விழுமோ, எங்கே தலைக்கு மேல் உயர் மின்கம்பி போகுமோ, அங்கேதான் பச்சை அடித்திருக்கும். 10 சதவீதம் சரியாகத்தான் இருக்கும், சென்ட் குறையாது. ஆனால் கார்த்திகையில் அங்கே தவளைதான் விளையாடும். அடுத்த மனைப்பிரிவில் நடுவாந்தரமாக ஒரு மேட்டை ஒதுக்கிப் பாருங்கள். சுற்றியிருக்கிற மனைகள் முதலில் விற்கும்.

நஞ்சையை மனையாக்குவது சரியா என்று நாலைந்து பேர் இதோடு சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள். அது தனிக் கதை. 2020-ல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய் எடுப்பது, உருக்காலை மாதிரியான தொழில்களைத்தான் தடுக்கிறது, வீட்டுமனையை இல்லை. அதை இன்னொரு இதழில் விரிவாகப் பார்க்கலாம்.

என் மகள் அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் இருக்கிறாள். அங்கே புது வீடு கட்டினாலே பூங்காவுக்கும் நடைபாதைக்கும் தனிக் கட்டணமாம். ஓடையை ஒட்டி மைல் கணக்கில் நடக்கப் பாதை போட்டிருக்கிறார்கள். போனபோது நானும் தினமும் நடந்தேன். நம் ஊரில் ஏன் இப்படி இல்லை? (ஒரு வாசகி, திருவாரூர்)

அங்கேயும் சும்மா வந்துவிடவில்லை அம்மா. நீங்கள் நடந்த மாநிலத்திலேயே, போர்ட்லாந்துக்குப் பக்கத்தில் டைகார்ட் என்று ஒரு ஊர். பிளம்பிங் சாமான் கடையைப் பெரிதாக்க ஒரு அம்மாள் அனுமதி கேட்டார். கடைக்குப் பக்கத்தில் ஃபேனோ ஓடை. வெள்ளம் ஏறும் கரையையும், அதை ஒட்டி நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் 15 அடி அகலத் துண்டையும் ஊருக்கு விட்டால்தான் அனுமதி என்றது நகராட்சி. கூட்டினால் அவர் இடத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு, நம் ஓ.எஸ்.ஆர். அளவு! அவர் வழக்குப் போட்டு, 1994-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். கடை பெரிதாவதால் ஊருக்கு எவ்வளவு பாரம் கூடுகிறதோ அதற்கு ஏறக்குறைய ஈடாகத்தான் கேட்க வேண்டும், அந்தக் கணக்கை நகராட்சிதான் காட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. சட்டம் போட்டு வாங்கும் கட்டணம் என்பதற்காக மட்டும் இந்தச் சோதனையிலிருந்து தப்பிவிட முடியாது என்று 2024-ல் ஒரு கலிபோர்னியா வழக்கிலும் சொல்லிவிட்டார்கள்.

அங்கே கட்டணம் விதிப்பதற்கு முன்னால் எத்தனை வீடு, எத்தனை பேர், எத்தனை ஏக்கர் பூங்கா, எத்தனை மைல் பாதை என்று கணக்குப் போட்டு வைக்கிறார்கள். நாம் பொத்தாம்பொதுவாக 10 சதவீதம் என்கிறோம். நம் முறையில் கணக்கு சுலபம், ஏமாற்றுவது கஷ்டம். அவர்கள் முறையில் வாங்கிய காசு எதற்கு என்று எழுத்தில் இருக்கும். அந்த ஒன்றை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். மற்றபடி ஓடைக்கரை நமக்கா பஞ்சம்? கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று சொல்கிற ஊர்க்காரர் நீங்கள்! கமலாலயக் குளத்தைச் சுற்றி நடந்தாலே போதுமே.

மன்னார்குடியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் பாசன வாய்க்கால் ஓடுகிறது. புது மனைப்பிரிவுகளில் வாங்கும் பூங்காப் பணத்தில் அதன் கரையில் பேவர் பிளாக் பதித்து, பெஞ்ச், விளக்கு வைத்து நடைபாதை ஆக்கலாமே? வார்டு கவுன்சிலர் சரி என்கிறார்.

கவுன்சிலர் சரி என்றால் போதாது தம்பி. கரை நீர்வளத்துறையுடையது.

அவர்கள் சம்மதித்தாலும் பேவர் பிளாக் வேண்டாம். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிறார்கள் என்றால் அதற்கு முன் கோடையில் வாய்க்கால் தூர்வாரியாக வேண்டும். பொக்லைன் இறங்குவது கரையிலிருந்துதான், அள்ளிய வண்டலைக் கொட்டுவதும் கரையில்தான். நீங்கள் பதித்த கல் முதல் கோடையிலேயே தூள். இல்லாவிட்டால் "கல்லை உடைக்கக் கூடாது" என்று தெருக்காரர்கள் மறிப்பார்கள், வாய்க்கால் தூர்வாராமல் கிடக்கும், கடைமடைக்காரன் வயிறெரிவான். இரண்டில் ஒன்று நிச்சயம்.

மண்பாதையே நல்லது. செம்மண் கொட்டி இறுக்கி, நடமாட்டத்துக்கு எட்டடி விட்டு, வெளிச்சரிவில் மட்டும் பூவரசும் புங்கனும் வையுங்கள். தண்ணீர்ப் பக்கத்தில் மரம் வேண்டாம், இயந்திரம் கை நீட்ட வழி வேண்டும். தண்ணீர் வந்த பிறகு கரையில் நண்டு வளை இருக்கிறதா, ஈரம் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டு நடக்க ஆள் இருப்பது வாய்க்காலுக்கும் நல்லதுதான். உடைப்பு எடுப்பதற்கு முன்னால் கண்ணில் படும். தஞ்சாவூரில் புது ஆற்றுக் கரையில் காலையில் நடக்கிற பெரியவர்களைக் கேளுங்கள், இன்றைக்குத் தண்ணீர் எத்தனை அடி என்று மடை ஆளுக்கு முன்னால் சொல்லிவிடுவார்கள்.

பூங்காப் பணத்தைக் கரையில் கொட்டுவதைவிட, கரையை ஒட்டி வருகிற புது மனைப்பிரிவுகளில் ஓ.எஸ்.ஆர். இடத்தையே வாய்க்கால் பக்கமாக ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மனைப்பிரிவில் முப்பது சென்ட், அடுத்ததில் இருபது சென்ட் என்று வரிசையாகச் சேர்ந்தால், பத்து வருஷத்தில் வாய்க்காலோடு ஊர் நீளத்துக்கு ஒரு பசும்பட்டை கிடைக்கும். இதை வரைபடம் ஒப்புதலுக்குப் போகும்போதே கேட்க வேண்டும். கல் நட்ட பிறகு கேட்டுப் பிரயோசனமில்லை.

பூங்கா இடத்தில் பிள்ளையார் கோயில் கட்டலாமா? எல்லா வீட்டுக்காரர்களும் சம்மதித்துவிட்டோம். (பட்டுக்கோட்டை)

கூடாது. பூங்கா, தெரு போன்ற பொது இடங்களில் புதிதாக எந்த மதத்தின் வழிபாட்டுத் தலமும் கட்ட விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. உங்களில் ஒருவர் தன் மனையில் ஒரு மூலை கொடுக்கட்டும். அங்கே சம்மதம் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்.

எங்கள் பூங்கா தானப்பத்திரம், பட்டா எல்லாம் நகராட்சி பெயரில் சரியாக இருக்கிறது. திறப்பு விழாவும் நடந்தது. இப்போது பூட்டிக் கிடக்கிறது. பராமரிக்க நிதியில்லை என்கிறார்கள். மறுபடி பில்டரிடமே கேட்கலாமா?

அவர் ஒருதரம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், இனி அவரைத் தேடிப் பிடிப்பது வீண் அலைச்சல். இந்தக் கட்டணம், தானம் எல்லாமே ஒரு தடவைச் சமாசாரம். புல் வெட்டுவதும் தண்ணீர் விடுவதும் வருஷா வருஷம். அதற்கு நீங்கள் கட்டுகிற சொத்துவரியில்தான் பங்கு கேட்க வேண்டும்.

அதுவரை உங்கள் நகர் நலச்சங்கத்தைப் பதிவு செய்து, பராமரிப்பை மட்டும் ஏற்கிறோம் என்று ஆணையருக்கு எழுதிக் கொடுங்கள். பராமரிப்பு என்ற வார்த்தை தெளிவாக இருக்கட்டும். குத்தகை, அனுபவ உரிமை என்று எதுவும் உள்ளே நுழைய வேண்டாம். கட்டணமும் வசூலிக்காதீர்கள், பக்கத்துத் தெருப் பிள்ளைகளைத் தடுக்கவும் செய்யாதீர்கள். அது உங்கள் நகருக்கு மட்டும் கொடுத்த இடமில்லை. சாவி இரண்டு செய்து ஒன்றை வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் கொடுத்து வையுங்கள். காலை ஐந்து மணிக்குத் திறந்திருக்கிற கடையாகப் பார்த்துக் கொடுங்கள்.